ஒன்றாம் பிரதி

“உள்ள ஆராச்சும் இருந்தா வெளிய வந்துருங்க சாமி.”

கண்டெய்னரின் வாசலில் நின்றுகொண்டு பூபதிராஜா கூப்பிடுகிறார். சற்றுப் பொறுத்து அதையே மலையாளத்தில் கேட்கிறார். பிறகு இந்தியில், வங்காளியில், ஒடியாவில். கடைசி இரண்டு மொழிகளிலும் அவருக்குத் தெரிந்தது இந்த ஒரு வாக்கியம்தான். சுமை ஏற்றும் ஆட்களிடம் கேட்டு, அவர்கள் சிரித்துக்கொண்டே திருத்தியதையும் ஏற்று, படித்துவைத்திருக்கிறார். எந்த மொழிக்கும் பதில் வராது. அதன் பிறகும் அவர் ஏறுவார். பெட்டிகளுக்கும் இரும்புக் கூரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, முழங்கையை ஊன்றி, கடைசிச் சுவர் வரைக்கும் ஊர்ந்து போவார். இறங்கி வரும்போது சட்டையின் முன்பக்கம் முழுக்க மரத்தூள் அப்பியிருக்கும். அதைத் தட்டிவிட மாட்டார். கதவை அடைக்கலாம் என்று கையால் மட்டும் காட்டுவார்.

எலப்புள்ளியில் என் நண்பர் ஒருவர் மரப்பொம்மைகள் செய்கிறார். துபாய்க்குப் போகும் அவருடைய சரக்கை ஏற்றிய அன்றுதான் இதை முதன்முதலில் பார்த்தேன். லாரி டிரைவர் பொறுமை போய் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். கண்டெய்னருக்குள் ஏறுவது பூபதிராஜாவின் வேலையே அல்ல என்று நண்பர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் வேலை காகிதம்.

கஞ்சிக்கோடு போகும் சாலையில் ஒரு டயர் கடையின் மாடியில் அவருடைய அறை. அறைக்குக் கதவு கிடையாது. நிலையில் கீல்கள் மட்டும் துருப்பிடித்து நிற்கின்றன. வாடகைக்கு வந்த வாரமே கதவைக் கழற்றி வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டாராம். திருட்டுப் பயம் இல்லையா என்று கேட்டால், “காயிதத்தை எவனுங்க தூக்கீட்டுப் போறான்” என்பார். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மழைச்சாரலுக்குப் பயந்து தார்ப்பாய் போர்த்திய ஓர் இரும்பு அலமாரி. மரத்தில் செய்த எதையாவது கடல் தாண்டி அனுப்ப நினைக்கும் சிறு பட்டறைக்காரர்கள் அவரைத் தேடி வருகிறார்கள். மறையூரிலிருந்து வெல்ல வியாபாரி ஒருவரும் வருவார். வெல்லத்துக்காக அல்ல. வெல்ல மூட்டைகளை அடுக்கி அனுப்பும் மரத்தட்டுகளில் பூச்சி இல்லை என்பதற்கு முத்திரை வேண்டும், அதற்காக.

விலைப்பட்டியல், பெட்டிகளின் கணக்கு, ஷிப்பிங் பில், மரம் எந்த நாட்டில் விளைந்தது என்பதற்கு ஒரு சான்று, பூச்சிக்கு மருந்து வைத்ததற்கு ஒரு சான்று. ஒரு சரக்கு கிளம்ப இத்தனை தாள். எல்லாத் தாளிலும் எடையும் எண்ணிக்கையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்றில் ரப்பர் மரம் என்றும் மற்றொன்றில் வெறும் மரம் என்றும் எழுதியிருந்தால் கஸ்டம்ஸில் நிறுத்திவிடுவார்கள். கப்பல் போன பிறகும் பெட்டி கொச்சியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பூபதிராஜா ஒவ்வொரு தாளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பார். “சரக்கு எப்படி இருந்தாலும் காயிதம் சரியா இருந்தாப் போயிருமுங்க” என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

நாற்பத்தைந்தைத் தாண்டியவர். ஒல்லி உடம்பு, கூன் விழுந்த தோள், எப்போதும் முழுக்கைச் சட்டை. குரல் கரகரக்கும். மூக்கு வேலை செய்வதில்லை. குழம்பு அடிப்பிடித்தால்கூட அவருக்குத் தெரியாது என்கிறார் மனைவி ஜீவிதா. அங்கன்வாடி டீச்சர். பாலர்களோடு பேசிப் பழகிய நிதானத்தில் கணவரைப் பற்றியும் பேசுகிறார். “நான் குளிக்கப் போனா வெளிய நின்னு பேரைச் சொல்லிக் கூப்புடுவாருங்க. உள்ளிருந்து நான் ஒரு சத்தம் குடுக்கோணும். ஒருக்கா தலைல சோப்புப் போட்டுட்டு இருந்தேன், கேக்கலை. கதவை ஒடைச்சுப்போட்டாரு.” அதன் பிறகு குளியலறைக்குத் துணித்திரைதான்.

கோவிந்தாபுரத்தை அடுத்து அவர்களுக்கு நெல்வயலும் தென்னந்தோப்பும் உண்டு. அப்பா காளிச்சாமி மகனை வயலுக்கு இழுத்தார். மகனோ விலங்கியல் படித்தார். பூச்சிகள்மேல் அப்படி ஓர் ஈர்ப்பு. ரப்பர் மரத்தைத் துளைத்து மாவாக உதிர்க்கும் வண்டைப் பற்றிக் கேட்டால் இப்போதும் குரல் கொஞ்சம் ஏறுகிறது. ஏற்றுமதி மரத்துக்கு விஷவாயு வைக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்து, ஹைதராபாத்துக்குப் போய்ப் பயிற்சி முடித்து, லைசென்ஸ் வாங்கினார். மருந்து வைக்கும் ஆபரேட்டர் ஆனார். அவர் கையெழுத்திட்ட சான்று இருந்தால்தான் சரக்கு கப்பல் ஏறும். பத்துப் பதினைந்து வருடங்கள் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அவர் போகாத மரப்பட்டறை இல்லை.

வேலை இதுதான். சரக்கு ஏற்றிய கண்டெய்னரின் கதவைச் சாத்தி, மேலே பெரிய பாலித்தீன் விரிப்பைப் போர்த்தி, விரிப்பின் ஓரங்களை மணல் நிரப்பிய நீளப் பைகளால் தரையோடு அழுத்தி, குழாய் வழியாக வாயுவை உள்ளே விடுவார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே இருக்கும். மறுநாள் திறந்து, காற்றாட விட்டு, வாயு முழுக்கப் போய்விட்டதா என்று சோதித்துச் சான்று எழுத வேண்டும். கதவைச் சாத்தும் முன் ஆபரேட்டர் உள்ளே ஏறிக் கடைசி வரை பார்க்க வேண்டும் என்பது விதி. உடன் ஓர் உதவியாள் இருக்க வேண்டும் என்பதும் விதி. நிறுவனம் அவரைத் தனியாகத்தான் அனுப்பும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழையில், காய் நறுக்கும் பலகைகள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். ரப்பர் மரப் பலகைகள். ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டிய சரக்கு. அன்றைக்கு ஒரே முற்றத்தில் நான்கு கண்டெய்னர்கள். தொழிற்சாலையின் மேனேஜர் பிஜு காலையிலிருந்தே கப்பல் நேரத்தைச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தார். மரம் கனமான சரக்கு. கண்டெய்னர் நிறையும் முன்பே எடை நிறைந்துவிடும். அதனால் பெட்டிகளுக்கு மேலே எப்போதும் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் மிச்சமிருக்கும்.

சுமை ஏற்றியவர்களில் ஏசுதாஸ் என்று ஒருவர். மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டைச் சேர்ந்தவர். எஸ்டேட்டில் வேலை குறைந்தபோது மனைவி பிலோமியையும் பிள்ளைகளையும் அங்கேயே விட்டுவிட்டுக் கஞ்சிக்கோட்டுக்கு இறங்கி வந்தவர். அன்று அவருக்குக் காய்ச்சல். முற்றத்தில் ஆட்கள் ஒதுங்க ஒரு கொட்டகைகூடக் கிடையாது. மழைக் காலத்தில் சுமைக்காரர்கள் சரக்கு ஏற்றிய கண்டெய்னருக்குள் ஏறி அட்டைப்பெட்டிகளின்மேல் கொஞ்ச நேரம் கண்ணயர்வது அங்கே வழக்கம். பூபதிராஜாவுக்கு அது தெரியாது. ஏசுதாஸ் மூன்றாவது கண்டெய்னரின் கடைக்கோடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பூபதிராஜா அந்தக் கண்டெய்னருக்குள் ஏறவில்லை. முதல் இரண்டிலும் ஏறினார். மூன்றாவதற்கு வரும்போது மழைக்கோட்டு நனைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. பெட்டிகள்மேல் ஈரம் பட்டால் சரக்கு கறுத்துப்போகும் என்று பிஜு சத்தம் போட்டார். எல்லாரும் இறங்கியாயிற்று என்றும் சொன்னார். பூபதிராஜா வாசலில் நின்றபடியே டார்ச் அடித்துப் பார்த்தார். அட்டைப்பெட்டிகள் தெரிந்தன. கதவைச் சாத்தினார்கள்.

ஏசுதாஸைக் காணவில்லை என்று யாரும் தேடவில்லை. காய்ச்சலோடு ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார் என்று அறையில் உடன் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் விரிப்பை எடுத்துக் கதவைத் திறந்தவர் பூபதிராஜாதான். ஏசுதாஸ் படுத்த இடத்தில் இல்லை. அத்தனை பெட்டிகளையும் தாண்டி வந்து, கதவை ஒட்டி மடங்கிக் கிடந்தார். வலது கையில் ஒரு செருப்பு இருந்தது.

இதை என்னிடம் சொன்னது பைக்கில் போகும்போது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முகம் தெரியவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தன. தொழிற்சாலை முதலாளி காரில் வந்தார். கண்டெய்னர் இருந்த முற்றத்திலிருந்து மற்ற ஆட்களை வெளியே அனுப்பினார்கள். முதலாளிக்குத் தெரிந்த ஒரு டாக்டர், சுமை தூக்கும்போது நெஞ்சுவலி வந்து இறந்ததாக எழுதிக்கொடுத்தார். ஆம்புலன்ஸ் சின்னார் வழியாக மலையேறியது. உடல் எஸ்டேட் மாதா கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாயிற்று. இங்கே கண்டெய்னரைக் கழுவித் துடைத்து, நனைந்த பெட்டிகளை மாற்றி, மறுபடி சீல் வைத்தார்கள். சான்று வேண்டும் என்று பிஜு வந்து நின்றார். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணி நேரம், வெப்பம் எவ்வளவு என்று அந்தத் தாளில் கட்டங்கள் இருந்தன. பூபதிராஜா எல்லாவற்றையும் நிரப்பினார். எழுதியது எதுவும் பொய் இல்லை.

“ஒப்பு போட்டுட்டேனுங்க” என்றார் என்னிடம். கையெழுத்துக்கு அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. “கை நடுங்கவே இல்லீங்க. நல்லாத்தான் போட்டேன்.”

அந்த மாதம் முழுக்க அவர் வேலைக்குப் போனார். வேறு தொழிற்சாலைகள், வேறு கண்டெய்னர்கள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்தபடி இருப்பார் என்று ஜீவிதா சொன்னார். என்னவென்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீவிதாவிடம் சொல்லிவிட்டார். ஜீவிதா அழவில்லை, திட்டவில்லை. அந்த அம்மாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

பூபதிராஜா உடுமலையில் பஸ் மாறி மறையூர் போய், அங்கிருந்து ஜீப்பில் எஸ்டேட்டுக்குப் போனார். பிலோமி கொழுந்து பறித்துவிட்டு, தலையில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்காமல், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில் நின்றிருந்தார். கம்பெனியிலிருந்து யாரோ விசாரிக்க வந்திருப்பதாக நினைத்து உள்ளே கூப்பிட்டு ஸ்டூலைப் போட்டார். பூபதிராஜா உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பத்திலிருந்து சொன்னார். தான் ஏறிப் பார்க்காததையும் சொன்னார், செருப்பையும் சொன்னார். பிலோமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அவுக கூப்பிட்டிருப்பாக, இல்லையா?”

அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. அதனால் கண்ணை எரிக்கும் வேறொன்றை அதில் கொஞ்சம் கலந்திருப்பார்கள், அருகில் யாராவது இருந்தால் எரிச்சல் தாங்காமல் ஓடிவிடட்டும் என்று. ஏசுதாஸ் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொல்ல முடியாது என்பது பூபதிராஜாவுக்குத் தெரியும்.

“கூப்பிட்டிருப்பாருங்க” என்றார்.

பிலோமி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பூபதிராஜா லயத்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாரோ கோயில் பாதிரியாரை உள்ளே அழைத்துப் போனார்கள். சாயங்காலம் பிலோமி பாதிரியாரோடு வெளியே வந்து, போலீசில் இதையே சொல்வீர்களா என்று கேட்டார். சொல்வேன் என்றார். அடுத்த நாளே பாலக்காட்டுக்குத் திரும்பி, ஸ்டேஷனில் போய் நின்று சொன்னார்.

புதைத்த உடலை எடுத்துப் பரிசோதித்தார்கள். பிலோமி அப்போது கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே ரோட்டில் நின்றாராம். பூபதிராஜாவைக் கைது செய்தார்கள். சில வாரங்கள் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். லைசென்ஸ் போயிற்று. அதன் பிறகுதான் டயர் கடை மாடியில் இந்தக் காகித வேலை. அவரை வேலைக்கு அனுப்பிய நிறுவனம், விதியை மீறிய ஆபரேட்டருக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று அறிக்கை கொடுத்தது. காளிச்சாமி மகனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். வேலையில் தவறு நடந்ததற்காக அல்ல. அடங்கிப் போன காரியத்தை, குடும்பப் பேரைக் கெடுக்க, தானாகப் போய்த் தோண்டினானே என்றுதான் அவருக்கு ஆற்றாமை. வயல் பக்கம் வர வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். தொழிற்சாலை இப்போதும் ஓடுகிறது. முற்றத்தில் ஒரு கொட்டகை போட்டிருக்கிறார்கள்.

குற்றப்பத்திரிகையில் மூன்று பேர். பூபதிராஜா, பிஜு, முதலாளி. மலையாளத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைப் பிரதி என்பார்கள். பெயர்களின் வரிசையில் இவர் ஒன்றாம் பிரதி. “நம்ம தமிழ்ல பிரதின்னா நகலுங்க. நான் நாலு காப்பி எடுத்து வெக்கறவன். இங்க நானே ஒண்ணாம் பிரதி” என்று ஒருமுறை சொன்னார். சிரிக்கத்தான் சொன்னார் போல. நான் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

கேஸ் வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போனது. சென்ற மாதம் குற்றச்சாட்டைப் படித்துக் கேட்கும் நாள் வந்தது. அதற்கு முந்தைய வாரம் முதலாளியின் வக்கீல் இவருடைய வக்கீல் மூலமாகச் சொல்லியனுப்பினார். ஒன்றாம் பிரதி குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் எல்லாருக்கும் நல்லது. கவனக்குறைவுதானே, தண்டனை குறைவாகத்தான் இருக்கும். வீட்டை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இவருடைய வக்கீலுக்கு அதில் கோபம். ஒப்புக்கொள்ளவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பூபதிராஜா ஒப்புக்கொள்வதென்றே இருந்தார். முதலாளி சொன்னதற்காக அல்ல. “செஞ்சதுக்கு ஆமான்னு ஒரு சொல்லு சொல்லீட்டா, அப்பறம் எத்தனை வருசம் போட்டாலும் போட்டுக்கட்டுமுங்க” என்று முந்தின நாள் என்னிடம் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இரண்டு வருடங்கள் காத்திருந்தவர் போல இருந்தது முகம். ஜீவிதா அவருடைய பையில் மாற்றுத்துணியும் பல்பொடியும் எடுத்துவைத்திருந்தார்.

நானும் அவரோடு பாலக்காட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். வராந்தாவில் நீளமான பெஞ்சு. பிலோமி முன்கூட்டியே வந்து அதன் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார். மலையிலிருந்து முதல்நாளே இறங்கி, பாலக்காட்டை அடுத்த சித்தூரில் உறவுக்காரர் வீட்டில் தங்கி வந்திருந்தார். வெள்ளைச் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. பூபதிராஜா அவரைக் கண்டதும் அப்பால் நகர்ந்தார். சாட்சிகளோடு பேசக் கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. இத்தனை வாய்தாக்களிலும் அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பிலோமி எழுந்து வந்தார். எங்களுக்கு அருகில் இருந்த தூணின் மறுபக்கம் நின்றுகொண்டு, முற்றத்தைப் பார்த்தபடியே பேசினார்.

“நீங்க ஒத்துக்கிடப் போறீகன்னு சொல்லுதாக. நெசமா?”

பூபதிராஜா தலையைக் குனிந்துகொண்டார்.

“நீங்க ஒத்துக்கிட்டா கேஸ் உங்களோட நின்னுரும். அவன்தான் பாக்கல, அவனே சொல்லிட்டான்னு அந்த ரெண்டு பேரும் கையக் கழுவிட்டுப் போயிருவாக. மழைன்னா கண்டெய்னருக்குள்ளதான் படுத்துக்கிடுதோம், பிஜு சார் பாத்தும் ஒண்ணும் சொல்லமாட்டாருன்னு எங்க வீட்டுக்காரரு எங்கிட்டப் போன்ல சொல்லியிருக்காக. அத நான் கூண்டுல ஏறிச் சொல்லணும். அவுகளுக்கு முன்னால சொல்லணும்.”

குரல் உயரவே இல்லை.

“உங்கள நான் மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீக. அது என்னால ஆகாது. உங்க மனசு லேசாகணும்னு நீங்க ஆமான்னு சொல்லாதீக. இல்லன்னு சொல்லிட்டு நில்லுங்க. நான் பேசி முடிக்குத வரைக்கும் நில்லுங்க.”

திரும்பிப் போய் பெஞ்சின் அதே முனையில் உட்கார்ந்தார். பூபதிராஜா கையிலிருந்த மாற்றுத்துணிப் பையை என்னிடம் கொடுத்தார். உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள்.

மூன்று பேரும் கூண்டில் வரிசையாக நின்றார்கள். முதலாளி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். பிஜு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் இளம் வயதுப் பெண். குற்றச்சாட்டை மலையாளத்தில் நிதானமாகப் படித்தார். கதவைச் சாத்தும் முன் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பரிசோதிக்கவில்லை என்று வரும் இடத்தில் பூபதிராஜாவின் தலை தானாக அசைந்தது. அவருடைய வக்கீல் இருமினார். படித்து முடித்து, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று மாஜிஸ்திரேட் ஒன்றாம் பிரதியைக் கேட்டார்.

முதலாளியின் வக்கீல் நாற்காலியில் முன்னுக்கு வந்து உட்கார்ந்தார். மாஜிஸ்திரேட் மறுபடி கேட்டார். பூபதிராஜா பின்னால் திரும்பி, கடைசி வரிசையில் சுவரோரம் நின்றிருந்த பிலோமியைப் பார்த்தார். பிலோமி தலையாட்டவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை.

“இல்லீங்க” என்றார்.

மலையாளத்தில் கேட்ட கேள்விக்குத் தமிழில் வந்த பதில். கிளார்க் அதை மலையாளத்தில் தட்டச்சு செய்தார். மற்ற இருவரும் இல்லை என்று சொன்னார்கள். அவர்களுக்கு அது எளிதாக வந்தது. சாட்சி விசாரணைக்கு மழைக்காலம் கழிந்து ஒரு தேதி கொடுத்தார்கள். முதல் சாட்சியாகப் பிலோமியின் பெயரைப் படித்தார்கள்.

வெளியே வந்தபோது பிலோமி பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கத் தொடங்கிவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளியின் கார் எங்களைக் கடந்து போனது. இவருடைய வக்கீல் வந்து, நல்ல காரியம் செய்தீர்கள், இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று தோளைத் தட்டினார். பூபதிராஜா முற்றத்தின் மூலையில் வேப்பமரத்தடியில் இருந்த குழாயை நோக்கிப் போனார். நான் பையோடு பின்னால் போனேன். முகம் கழுவப் போகிறார் என்று நினைத்தேன்.

முகத்தில் ஒரு சொட்டு நீர்கூடத் தெளிக்கவில்லை. இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்தி, வாய் நிறைய வைத்து, கன்னம் உப்ப வெகுநேரம் கொப்பளித்து உமிழ்ந்தார். பிறகு குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, மறுபடியும் வாய்க்குத் தண்ணீரை ஏந்தினார்.